புயலில் பதறுவது யார்? பேரிடர் நேரத்து மனிதர்கள் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்து ஊர்களில் பேரிடர் தன்னார்வலர்களுக்குக் கூட்டம் போடுவார்கள். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வட்டாரத்தில் அப்படிச் சில கூட்டங்களுக்குப் பேசப் போயிருக்கிறேன். பேசியது கொஞ்சம், கேள்விக்குப் பதில் சொன்னதுதான் அதிகம். எந்த ஊருக்குப் போனாலும் அதே கேள்விகள் வருவதால் ஓரிடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த குவாரன்டெல்லி யார்?

என்ரிக்கோ குவாரன்டெல்லி அமெரிக்கச் சமூகவியலாளர். 1924-இல் நியூயார்க்கில் பிறந்தார், 2017-இல் காலமானார். 1950-களின் தொடக்கத்தில் அவர் சிகாகோ பல்கலைக்கழக மாணவர். அங்கிருந்த ஆய்வு நிலையம் ஒன்று, விபத்தோ சூறாவளியோ நடந்த ஊர்களுக்கு உடனே ஆளனுப்பித் தப்பியவர்களிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தது. பணம் கொடுத்தது ராணுவம். நம் நகரத்தில் அணுகுண்டு விழுந்தால் ஜனங்கள் கட்டுப்பாடில்லாமல் சிதறி ஓடுவார்களா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

குவாரன்டெல்லி தன் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 'பதற்றம்'. கட்டுக்கட்டாகப் பேட்டிகளைப் புரட்டினார். பதறி ஓடியவர்கள் அபூர்வமாகத்தான் அகப்பட்டார்கள். மற்றவர்கள் பிள்ளையைத் தேடியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக் கிழவியைத் தூக்கியிருக்கிறார்கள், எதுவும் புரியாமல் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். தேடிப்போனது கிடைக்காததே அவருக்கு வாழ்நாள் ஆய்வாகிவிட்டது. 1963-இல் ரஸ்ஸல் டைன்ஸ், யூஜீன் ஹாஸ் ஆகியோருடன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1964 அலாஸ்கா நிலநடுக்கம் அந்த மையம் எடுத்த ஆரம்பகால வேலைகளில் ஒன்று. 1985-இல் மையம் டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அவருக்கு முன்னோடியும் உண்டு. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து ஏறத்தாழ 2000 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் பாதிரியாராக இருந்த சாமுவேல் பிரின்ஸ் அதையே எடுத்து 1920-இல் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். பேரிடரைச் சமூகவியலாகப் பார்த்த முதல் ஆய்வு என்று அதைத்தான் சொல்வார்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் பதறியடித்து ஓடத்தானே செய்வார்கள்?

ஓடுவார்கள். ஓடுவது வேறு, பதறுவது வேறு. 2004 டிசம்பர் 26 காலை அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அலையைப் பார்த்து ஓடியவர்கள் செய்ததைவிடப் புத்தியான காரியம் அந்த நேரத்தில் வேறில்லை. அதையும் 'மக்கள் பீதி' என்றே எழுதுகிறோம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியாரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடும் பெண் யாரை மறந்துவிட்டாள், பீதி என்று சொல்ல?

குவாரன்டெல்லி பதற்றம் என்று ஏற்றுக்கொண்டது பெண்டாட்டி பிள்ளைகூட நினைவில்லாமல் தன் உயிர் ஒன்றையே பிடித்துக்கொண்டு ஓடுவதை. அது வர மூன்று நிலைமை சேர வேண்டும் என்று 1954-இல் எழுதினார். தப்ப வழி இருக்கிறது, ஆனால் அடைபடப் போகிறது என்ற நினைப்பு. நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற இயலாமை. யாரும் வரமாட்டார்கள், தனியாக மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணம். இதில் முதலாவதுதான் எனக்கு ஆச்சரியம். வழியே இல்லை என்று தெரிந்துவிட்டால் மனிதன் பதறுவதில்லை. சுரங்கத்துக்குள் முழுக்க மாட்டிக்கொண்டவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கதவு மூடிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகள்தான் ஆபத்து.

அப்படியென்றால் மகாமகத்தில் நடந்தது என்ன?

கும்பகோணத்துக்காரர் யாராவது இதைக் கேட்காமல் கூட்டம் முடிந்ததில்லை. 1992 பிப்ரவரி 18, மகாமகக் குளக்கரையில் நெரிசலில் சிக்கி ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். 'முண்டியடித்த கூட்டம்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

கூட்டத்தை ஆராய்பவர்கள் சொல்வது வேறு. ஒரு சதுர மீட்டரில், அதாவது ஒரு கயிற்றுக் கட்டிலில் பாதிக்குச் சற்று மேலான இடத்தில், ஏழு பேர் நின்றுவிட்டால் அதற்கு மேல் அது கூட்டமில்லை, தண்ணீர். நீங்கள் நடக்கமாட்டீர்கள், அலை உங்களைக் கொண்டுபோகும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் அரை அடி நகர்ந்தால் முன்னால் இருப்பவரின் நெஞ்சுக்கூடு நசுங்கும். பலர் மிதிபடாமல், நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள். அங்கே குணக்கேடு எங்கே வந்தது? வாசல் எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விட்டார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

அதே ஊரில் 2004 ஜூலை 16 பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கூரையையும் குறுகிய வழியையும்தான் எல்லோரும் பேசினோம். குழந்தைகள் பதறிவிட்டார்கள் என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. பெரியவர்கள் செத்தால் மட்டும் அந்த வார்த்தை எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

சரி, பதறுவதில்லை என்றால் எச்சரிக்கை கொடுத்தவுடன் ஏன் கிளம்புவதில்லை?

இதுதான் முக்கியமான கேள்வி. ஆராய்ந்தவர்கள் பலர் சொல்வது: பேரிடரில் மக்கள் அதிகம் பதறுவதால் செத்ததைவிட, போதுமான அளவு பயப்படாததால் செத்ததுதான் அதிகம்.

கஜா புயல் வந்த இரவை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 15 சாயங்காலமே நாகை துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாகிவிட்டது. டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் தலையாரி வந்து ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனார். என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "அம்பத்திரண்டு காத்தையே பாத்தவ நான்" என்றார். 1952 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட புயல் அது. அத்தைக்கு அப்போது எட்டு வயது. அந்த வீடு நின்றது, அதனால் இந்த வீடும் நிற்கும். அதுதான் அவர் கணக்கு.

அவர் அப்புறம் செய்ததை வரிசையாகக் கவனித்தேன். எழுந்து வானத்தைப் பார்த்தார். தங்கச்சி மகனுக்கு போன் போட்டு "அங்க எப்புடி இருக்கு" என்றார். தெருமுனை வரை நடந்து டீக்கடை மூடியாச்சா என்று பார்த்துவந்தார். மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போட்டார். கடைசியில் எதிர்வீட்டு மருமகள் கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதைப் பார்த்தார். உடனே உள்ளே போய் ரேஷன் கார்டும் பட்டா நகலும் இருந்த மஞ்சள் பையை எடுத்தார். கறவை மாட்டின் கயிற்றை அவிழ்த்து முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பினார். தலையாரி வந்துபோய் அதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அத்தை பிடிவாதக்காரி என்று நான் அன்றைக்கு எரிச்சல்பட்டேன். பிறகு படித்தால், அவர் செய்தது உலகம் முழுக்க எல்லோரும் செய்வது. யாராவது ஒருவர் சொன்னதும் மனிதன் கிளம்பிவிடுவதில்லை. நாலு இடத்தில் விசாரிப்பான், கண்ணால் பார்ப்பான், தன்னைப் போன்றவர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பான். அதற்கும் மேல், குடும்பம் ஒன்றுசேராமல் நகரமாட்டான். 1965-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் வெள்ளம் வந்தபோது தாமஸ் டிராபெக் என்ற சமூகவியலாளர் நூற்றுக்கணக்கான குடும்பங்களை விசாரித்தார். கிளம்பிய குடும்பங்கள் பெரும்பாலும் மொத்தமாகத்தான் கிளம்பியிருந்தன. ஆகவே கட்டுமாவடிக்குப் போன மகன் திரும்பாத வரை அம்மா வண்டியில் ஏறமாட்டாள். அதிகாரி கத்திப் பயனில்லை. மகன் வந்துசேரும் நேரத்தையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே சொல்வதுதான் வழி.

மாட்டுக்கு இடம் சொல்லாத எச்சரிக்கையும் டெல்டாவில் பாதி எச்சரிக்கைதான். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நிலைமையை நினைத்தே வராத பெண்களும் உண்டு. இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லமாட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நிற்கும்போது சொல்வார்கள்.

நாலு பேர் சேர்ந்து இருந்தால் புத்தி வருமே?

வரலாம், போகவும் போகலாம். 1968-இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு அறையில் மாணவர்களை உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர் ஓட்டை வழியாகப் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். பக்கத்தில் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி சொல்லிவைத்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தபோது 10 சதவீதம்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் இருமிக்கொண்டே படிவம் நிரப்பினார்கள்.

வெண்ணாற்றுக் கரையில் நண்டுவளை வழியாகத் தண்ணீர் கசிவதைப் பத்துப் பேர் பார்த்துவிட்டு சைக்கிளில் போய்க்கொண்டே இருப்பார்கள். பார்த்தவன் சொல்லியிருப்பான் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். விடிந்தால் உடைப்பு.

காற்று சட்டென்று நின்றுவிட்டால் வெளியே போகலாமா?

கூடாது. புயலின் கண் தலைக்கு மேல் வந்திருக்கலாம். கஜாவில் வடக்கேயிருந்து அடித்த காற்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கேயிருந்து திரும்ப அடித்தது. ஒரு பக்கம் சாய்ந்து தாக்குப்பிடித்த தென்னையெல்லாம் மறுபக்கக் காற்றில்தான் விழுந்தது. ஆனால் அந்த அமைதியில் மனிதனால் உட்கார முடிவதில்லை. ஓடு போயிற்றா, மாடு எங்கே என்று பார்க்க டார்ச்சோடு வெளியே வருவான். அவனுக்கு என்ன நடக்கிறது என்று முன்பே சொல்லிவைத்திருந்தால் ஒழிய இதைத் தடுக்க முடியாது.

விழுந்தவர்களை முதலில் தூக்குவது யார்? மீட்புப் படையா?

பக்கத்து வீட்டுக்காரர். 1995-இல் ஜப்பானில் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பங்குக்கும் மேலானவர்களைத் தூக்கியது அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும்தான். பயிற்சி பெற்ற படை வந்துசேர நேரமாகும், அது அவர்கள் குற்றமில்லை. கஜா அன்று விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சாலையில் மரத்தை வெட்டி வழி விட்டது தச்சுப்பட்டறைப் பையன்கள். பட்டறையில் இருந்த ரம்பம் அன்றைக்கு எந்த அரசாங்க வாகனத்தையும்விடப் பெரிய சொத்து.

வேலையில் இருப்பவர்கள் தங்கள் குடும்பத்தைப் பார்க்க ஓடிவிடமாட்டார்களா?

மனசு இரண்டாகப் பிரியும். டெக்சஸ் சிட்டியில் 1947-இல் நடந்த வெடிவிபத்தை வைத்து லூயிஸ் கில்லியன் என்ற சமூகவியலாளர் இந்தத் தவிப்பை எழுதியிருக்கிறார். ஆனால் வேலையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் குறைவு என்பதுதான் குவாரன்டெல்லியின் கணக்கு. 'வீட்டில் எல்லோரும் பத்திரம்' என்று ஒரு போன் வந்துவிட்டால் ஆள் இரண்டு நாள் தூங்காமல் வேலை செய்வார். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தண்ணீர் நின்ற வயலில் இடுப்பளவு இறங்கிக் கம்பம் நட்டவர்களை டெல்டாவில் யாரும் மறக்கவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் அதில் உண்டு.

கொள்ளை நடக்குமே? அதனால்தானே வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள்?

கொள்ளை பற்றிய பயம் கொள்ளையைவிடப் பெரியது. பெரும்பாலான பேரிடர்களில் திருட்டு குறைகிறது என்பதே கண்டது. ஆனால் குவாரன்டெல்லி இதை வேதவாக்காக வைத்துக்கொள்ளவில்லை. 1989-இல் ஹியூகோ சூறாவளிக்குப் பிறகு கரீபியக் கடலில் செயின்ட் குரோய் தீவில் பெரிய அளவில் கடைகள் சூறையாடப்பட்டன. தன் கருத்துக்கு எதிரான சம்பவம் என்று ஒதுக்காமல் அதையும் ஆராய்ந்து எழுதினார். அங்கே புயலுக்கு முன்பே ஏழை பணக்காரன் இடைவெளி மலையளவு இருந்தது, காவல்துறை மேல் நம்பிக்கை இல்லை, உதவி வரும் என்ற அறிகுறியும் இல்லை. காற்று புதிதாக எதையும் விதைத்துவிடவில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உதவி குவிகிறதே, அதில் என்ன தவறு?

1957-இல் சார்லஸ் ஃபிரிட்ஸ், மேத்யூசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள்: பேரிடர் நடந்த இடத்தை நோக்கி ஆளும் பொருளும் விசாரிப்பும் வெள்ளம்போலப் பாயும், சில நேரம் அந்த வெள்ளத்தைச் சமாளிப்பதே பெரிய வேலையாகும்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வந்தவர்கள் சாலையோரத்தில் பார்த்த பழைய துணிக் குவியலை மறந்திருக்கமாட்டார்கள். லாரி லாரியாக வந்து கொட்டிய துணி. கிழிந்த சட்டை, குளிர்காலத்து ஸ்வெட்டர். மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. முதல் நாள் வரை உழைத்துச் சொந்தக் காசில் உடுத்தியவர்கள் அவர்கள். கொடுத்தவர்கள் கெட்டவர்களும் இல்லை, பீரோவைத் திறந்து கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கஜாவில் இது ஓரளவு மாறியிருந்தது. தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, நாப்கின் என்று கேட்டு வாங்கி வந்தார்கள். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒருவர் ஜெனரேட்டரை டிராக்டரில் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஐந்நூறு புடவையைவிட அது உபயோகம்.

மக்கள் பதறவில்லை என்றால் பதறியது யார்?

லீ கிளார்க், கேரன் செஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் இதற்குப் பேர் வைத்தார்கள். மேலிடத்துப் பதற்றம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஜனங்கள் பதறிவிடுவார்கள் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே பதவியில் இருப்பவர்கள் பதறுவது. தகவலைப் பூட்டிவைப்பார்கள், அல்லது அரைகுறையாக அவிழ்த்துவிடுவார்கள்.

2004 டிசம்பர் 30-ஐ நாகைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். சுனாமி முடிந்து நாலாம் நாள், இன்னொரு அலை வரலாம் என்று டெல்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. கடலோரம் முழுக்க மறுபடி ஓட்டம், நிவாரண வேலை நின்றது. கடைசியில் அடிப்படையில்லாத தகவல் என்று அரசே சொல்லிவிட்டது. அன்று ஓடியவர்களைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். அரசாங்கம் ஓடு என்றது, ஓடினார்கள்.

இதோடு 2012 ஏப்ரல் 11-ஐ வைத்துப் பாருங்கள். அதற்குள் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்து நாலு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம், எச்சரிக்கை வந்தது, மக்கள் மேட்டுக்குப் போனார்கள். பெரிய அலை வரவில்லை என்று தெரிந்ததும் சாயங்காலம் விலக்கிக்கொண்டார்கள், வீடு திரும்பினார்கள். எங்கிருந்து தகவல் வருகிறது, யார் விலக்குவார்கள் என்று தெரிந்திருந்தது. வித்தியாசம் அதுதான்.

அமெரிக்காக்காரன் சொன்னது நம்ம ஊருக்குப் பொருந்துமா? இங்கே சாதி இருக்கிறதே.

இதைக் கேட்டவர் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். கேட்டபின் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பேரிடரில் ஊரே ஒரு குடும்பம் ஆகிவிடும் என்று எழுதியவர் சார்லஸ் ஃபிரிட்ஸ். பாதி உண்மை. மீதிப் பாதியைத் தமிழ்நாட்டுக்கே வந்து பார்த்தவர் டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர். சுனாமிக்குப் பிறகு நம் கடலோரக் கிராமங்கள் மீண்டெழுந்த விதத்தை ஆராய்ந்தார். ஊர்ப் பஞ்சாயத்து கட்டுக்கோப்பாக இருந்து, வெளியே அதிகாரிகளோடும் தொண்டு நிறுவனங்களோடும் தொடர்பும் இருந்த கிராமங்களுக்கு உதவி சீக்கிரமும் நிறையவும் வந்தது. நாட்டார்கள் எனப்படும் மீனவ ஊர்த் தலைவர்கள் பெயர்ப் பட்டியல் போட்டார்கள், பங்கு பிரித்தார்கள், சண்டை வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதே கட்டுக்கோப்பு யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் அவர் எழுதினார். தலித்துகள், ஆண் துணையில்லாத பெண்கள், முஸ்லிம்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள். பட்டியல் போட்ட கைக்கு நினைவில்லாதவர்கள்.

ஆகவே, ஊர் ஒற்றுமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், பட்டியலில் கடைசித் தெருவின் பெயர் இருக்கிறதா என்று நான் கேட்டுவிடுவேன். நிறையப் பேருக்கு என்னைப் பிடிக்காது.

கஜாவுக்குப் பிறகு நடந்த சாலை மறியல்? அது கட்டுப்பாடின்மை இல்லையா?

மறியல் எப்போது நடந்தது என்று பாருங்கள். காற்று அடித்த அன்றைக்கு இல்லை. தண்ணீரும் கரண்டும் இல்லாமல் நாட்கள் போய், எங்கள் ஊருக்கு யாருமே வந்து பார்க்கவில்லை என்று ஆன பிறகு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இருபது முப்பது வருடம் வளர்த்த தென்னை ஒரு ராத்திரியில் போனது. அவன் ரோட்டில் உட்கார்ந்தது கோபத்தில். அதையும் பீதியையும் ஒரே வார்த்தையில் எழுதும் பழக்கம் நமக்கு.

எங்கள் தெருவில் நாங்கள் என்ன செய்துவைக்கலாம்?

பெரிய திட்டம் வேண்டாம். எழுந்து நடக்க முடியாதவர், தனியாக இருக்கும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் தூக்கப் போகிற ஆள் பெயரை எழுதுங்கள். 'இளைஞர்கள்' என்று எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். மாட்டைக் கொண்டுபோகும் மேட்டுத் திடல் எது என்று இப்போதே பேசி முடியுங்கள். ரம்பம், நல்ல கயிறு, சார்ஜ் ஏற்றிய டார்ச் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். எச்சரிக்கை வந்ததும் யார் சொன்னால் தெரு கேட்கும் என்று யோசியுங்கள். பல தெருக்களில் அது கவுன்சிலராக இருக்காது, சத்துணவு ஆயாவாக இருக்கும்.

அப்புறம் ஒன்று. கிளம்ப முடிவு செய்தவர்கள் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போகாதீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில், எல்லோர் கண்ணிலும் படும்படி நடந்து போங்கள். என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.